சாமி தூக்கும் தோளும் ஞாயிற்றுக்கிழமை ரக்பியும்

ஏனாத்தூர்ப் பக்கம் எங்கள் ரக்பி மைதானத்தின் இரண்டு முனையிலும் நிற்கிற கோல் கம்பங்கள் நான் நட்டவை. இங்கிலீஷ் எச் எழுத்து மாதிரி இருக்கும். சென்னையில் பெரிய கிளப்புகள் இரும்பில் செய்து வெள்ளை அடித்து வைத்திருக்கின்றன. நான் சவுக்கில் நட்டேன். போன மழைக்கு அடித்த காற்றில் ரோட்டோர விளம்பரப் பலகைகள் எல்லாம் மடங்கி விழுந்தன. என் கம்பம் அசையவில்லை. கம்பம் நடுவதில் காஞ்சிபுரத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. நம்பாதவர்கள் இந்த ஊரில் பெண்ணைக் கட்டிக் கொடுத்த யாரையாவது கேட்டுக்கொள்ளலாம்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது, நானும் அதை விட்டுவிட்டேன். அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்த்தவர். நான் ஒரு பந்தல்காரரிடம் கயிறு கட்டப் போனேன். அப்புறம் கம்பம் தூக்கினேன், அப்புறம் சொந்தமாகக் கம்பம் வாங்கினேன். இன்றைக்கு முகூர்த்த நாளில் என் லாரிகள் ஊரின் எல்லாப் பக்கமும் ஓடுகின்றன. சாமியானா, நாற்காலி, அண்டா குண்டா எல்லாம் என் பெயர் போட்டது. யாரும் எனக்குக் கைகொடுத்துத் தூக்கிவிடவில்லை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

ரக்பிக்கு நான் வந்தது ஒரு பேரத்தில். கல்லூரி ஒன்றில் விளையாட்டுச் சொல்லிக் கொடுக்கிற மாஸ்டர் என் கிடங்குக்கு வந்தார். நல்ல உயரமான கம்பங்கள் வேண்டும் என்றார்.

"எத்தினி நாளைக்கு?" என்றேன்.

"எப்பவும் இருக்கணும் சார்."

"எப்பவும் நிக்கற பந்தல் நான் போட்டதில்லையே. அப்படி இன்னா விசேஷம்?"

விசேஷத்தைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். முட்டை மாதிரி ஒரு பந்து. அதைக் கையில் இடுக்கிக்கொண்டு முன்னால் ஓடலாம். ஆனால் முன்னால் எறியக்கூடாது, பின்னால் வருகிறவனிடம்தான் கொடுக்க வேண்டும். எதிராளி காலைக் கட்டிப் பிடித்து மண்ணில் சாய்க்கலாம். சாய்த்தவனே எழுந்து விழுந்தவனுக்குக் கை கொடுக்கிறான். ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்து புரள்கிறார்கள், ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. ரெஃப்ரி விசில் அடித்தால் இவ்வளவு பெரிய ஆட்கள் வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்கள். எனக்குப் பிடித்துவிட்டது. கம்பத்துக்கு வாடகை வேண்டாம் என்றேன். வாடகை வேண்டாம் என்றவனைச் சும்மா விடுவார்களா? தலைவர் ஆக்கிவிட்டார்கள். ஆட்டம் புரியாமலேயே தலைவர் ஆனவன் நான். புரிந்த பிறகு மற்றத் தலைவர்களைவிடச் சத்தமாகக் கத்துகிறவனும் நான்தான்.

எங்கள் ஆட்டக்காரர்களில் பாதிப் பேர் மாணவர்கள். மீதிப் பேர் ஊர்க்காரர்கள். கூரத்திலிருந்து பஸ் பிடித்து வருகிற மாணவன் ஒருவன் இருக்கிறான், ஓரத்தில் ஓடுகிறவன். ஒவ்வொரு வாரமும் தாமதமாக வருவான், ஆனால் பந்து கைக்கு வந்துவிட்டால் அவனைப் பிடிக்கச் சென்னையில் ஆள் இல்லை. "பஸ்ஸு பின்னால ஓடி ஓடிப் பழகினவன் தலைவரே" என்பான். பட்டுத்தறி நெசவுக்காரர் ஒருவர். சின்ன உருவம், ஆனால் பிடித்தால் விடமாட்டார். அவர் விரலுக்கு ஏதாவது ஆகிவிட்டால் தறி நின்றுவிடும் என்று அவர் மனைவி ஆட்டத்துக்கு முன்னால் பத்து விரலிலும் பிளாஸ்திரி சுற்றித்தான் அனுப்புவார். ரெஃப்ரி அவர் கையைப் பார்த்து ஒவ்வொரு தடவையும் என்ன ஆயிற்று என்று விசாரிப்பார்.

எங்கள் குழுவிலேயே பெரிய ஆட்டக்காரர் என் லாரி டிரைவர். அவரைக் கண்டுபிடித்துக் கொடுத்தது நான்தான். அவர் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகப் பெருமாள் தூக்குகிறார்கள். திருவிழா நாட்களில் அவர் வண்டிக்கு வரமாட்டார், நானும் கேட்க மாட்டேன். மற்ற நாட்களில் என் லாரி ஓட்டுவார். பந்தல் கூரையைத் தாங்குகிற, நாலு பேர் பிடித்து இறக்குகிற இரும்பு டிரஸ்ஸை ஒரு முனையில் அவர் ஒருவரே தாங்குவார். தோளில் சப்பாத்திக் கள்ளி மாதிரி இரண்டு காய்ப்பு. ஒரு நாள் மாஸ்டர் அந்தத் தோளைப் பார்த்தார்.

"சார், இவர எனக்குக் குடுத்துடுங்க."

"ஞாயித்துக்கிழமை மட்டும் எடுத்துக்குங்க, திங்கக்கிழமை முழுசா திருப்பிக் குடுத்துடணும்" என்றேன்.

அவரை முன்வரிசையில் இடது பக்கம் நிறுத்தினார்கள். இந்த விளையாட்டில் ஸ்கிரம் என்று ஒன்று உண்டு. இந்தப் பக்கம் எட்டுப் பேர், அந்தப் பக்கம் எட்டுப் பேர், கை கோத்துக் குனிந்து தோளோடு தோளை முட்டுக் கொடுத்து நிற்பார்கள். நடுவில் இருக்கிற சந்தில் பந்தை உருட்டிவிடுவார்கள். எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கத்துக்குப் பந்து. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். என் அப்பா தோளில் கை போட்டு நின்றவர்கள் எங்கள் தெரு ஆட்கள் மட்டும்தான். இங்கே யார் கை யார் தோளில் என்று பிரித்துச் சொல்லவே முடியாது.

முதல் வருஷம் எங்கள் ஸ்கிரம்மை யாரும் அசைக்கவில்லை. டிரைவர் நின்ற பக்கம் சுவர் மாதிரி நின்றது. அதன் பிறகு நடுவில் நின்ற மாணவன் பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். அந்த இடத்துக்கு ஹூக்கர் என்று பெயர், உருட்டிவிட்ட பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ளுகிறவர் அவர்தான். நெசவுக்காரரை அங்கே நிறுத்தி மாஸ்டர் எல்லாம் சொல்லிக் கொடுத்தார்.

அப்போதிருந்து பிடித்தது சனியன். ஸ்கிரம் விழ ஆரம்பித்தது. அதுவும் எங்கள் பந்தாக, அதாவது எங்கள் ஆள் உருட்டுவதாக இருந்தால்தான் விழும். பந்து உள்ளே போகிற நேரத்துக்கு டிரைவரின் வலது தோள் சடக்கென்று இறங்கும். முட்டுக் கொடுத்து நின்ற எதிராளி பிடிமானம் இல்லாமல் தலைகுப்புற வருவான். மொத்தக் கூட்டமும் சரிந்து மண்ணில் கிடக்கும். ரெஃப்ரி விசில் அடித்து எங்கள் மேல் பெனால்டி கொடுப்பார்.

"கால் வழுக்குதா?" என்று மாஸ்டர் கேட்டார்.

"இல்லீங்க."

"வலி ஏதாவது?"

"இல்லீங்க. எப்படி இறங்குதுன்னே தெரியலீங்க."

நான் ஆணி வைத்த புது பூட்ஸ் வாங்கிக் கொடுத்தேன், இருக்கிறதிலேயே நல்லதாக. அதற்கும் விழுந்தது. ஆட்டுக்கால் பாயா சாப்பிட்டால் முட்டி பலமாகும் என்று ஒருத்தர் சொன்னார். டிரைவர் சைவம் என்று நெசவுக்காரர் சொன்னார். கூரத்து மாணவன், "அண்ணா, நீங்க சாமிய சாஞ்சிக்கினு தூக்கிப் பழகிட்டீங்களோ?" என்று கிண்டல் பண்ணினான். டிரைவர் அவனை ஒரு பார்வை பார்த்தார், அவன் அந்தப் பேச்சை விட்டுவிட்டான்.

சென்னைக்குப் போய் ஆடின ஒரு ஞாயிற்றுக்கிழமை அது பெரிதாகிவிட்டது. ஸ்கிரம் விழுந்து அடியில் எதிரணி இளைஞன் ஒருவன் மாட்டிக்கொண்டான். கழுத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்காமல் கிடந்தான். ஸ்ட்ரெச்சர் வந்தது. எலும்பு ஒன்றும் முறியவில்லை, சதைப் பிடிப்புதான் என்று பிறகு தெரிந்தது. ஆனால் அந்த நேரம் மைதானமே எங்கள் டிரைவரைப் பார்த்தது. எதிரணி ஆள் ஒருவர் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்.

"தாங்க முடியல, வேணும்னே கீழ விட்டுடறான். கோழை வேலை சார் இது."

ரெஃப்ரி டிரைவரை வெளியே அனுப்பினார். ஆட்டம் முடிந்ததும் போட்டி நடத்துகிறவர் எங்களிடம் வந்தார்.

"அவர இனிமே முன்வரிசைல விடாதீங்க. யாராவது கழுத்து உடைஞ்சா யாரு பொறுப்பு?"

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். படித்தவர், நாகரிகமான மனிதர், சண்டை போடத் தெரியாது. எனக்குத் தெரியும்.

"என் டிரைவர் வேணும்னு பண்ணலன்னா பண்ணல" என்றேன். "அவரு பொய் சொல்லி நான் பார்த்ததில்ல. அடுத்தது நம்ப ஊர்ல இதே டீமோட ஆட்டம். ஒரு வாட்டி, ஒரே ஒரு வாட்டி அவரால விழுந்தா நானே உள்ள வந்து அவரைக் கூட்டிக்கினு போயிடறேன். அப்புறம் அவரு ஆடவே வேணாம்."

அவர் என் வெள்ளை வேட்டியையும் குரலையும் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டார். இப்படிப் பேசுவதில் எனக்கு நிகர் நான்தான்.

திரும்பி வரும்போது வேனில் யாரும் பாடவில்லை. டிரைவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஸ்ரீபெரும்புதூர் தாண்டினதும் என் பக்கம் திரும்பினார்.

"மொதலாளி, எங்க அப்பா, அவங்க அப்பா, யாரும் ஒரு நாளும் கீழ விட்டதில்ல. மழையில தூக்கியிருக்கறோம். கால்ல முள்ளு குத்தி ரத்தம் ஊத்தும்போது தூக்கியிருக்கறோம். என்னைப் போயி கீழ விடறவன்னு சொல்லிட்டாங்களே."

நான் எத்தனையோ பேருக்குச் சமாதானம் சொன்னவன். கல்யாண வீட்டில் பந்தியில் சாப்பாடு தீர்ந்து கோபித்துக்கொண்ட சம்பந்தியையே சமாதானப்படுத்தியிருக்கிறேன். அன்றைக்கு "பார்த்துக்கலாம்பா" என்றேன், அவ்வளவுதான்.

அடுத்த ஆட்டத்துக்கு முன்னால் பொங்கல் வந்தது. மாட்டுப் பொங்கலுக்குப் பெருமாள் எங்கள் ஊரிலிருந்து கிளம்பிச் சீவரம் மலைக்குப் போய், அங்கிருந்து ஆற்றைத் தாண்டித் திருமுக்கூடலுக்கு வருவார். சுற்றுவட்டமே அங்கே கூடும். வருஷா வருஷம் அங்கே என் பந்தல் ஒன்று நிற்கும். வருகிறவர்களுக்குப் புளியோதரையும் மோரும் கொடுப்போம். அந்த வருஷம் ரக்பி ஆட்கள் எல்லோரும் பரிமாற வந்தார்கள். பரிமாறினதைவிட அவர்கள் தின்றது அதிகம்.

டிரைவர் அன்றைக்குப் பந்தலுக்கு வரவில்லை. அவர் தூக்குகிற இடத்தில் இருந்தார். பெருமாள் எங்கள் பந்தலுக்கு எதிரே வந்தபோது நாங்கள் எல்லோரும் வெளியே வந்து நின்றோம். சாமியைத் தாங்குகிற மரத் தண்டுகளில் முன் தண்டில் இரண்டாவது ஆளாக டிரைவர், இடுப்பில் வேட்டி, மேலே ஒன்றும் இல்லை. வேர்வையில் உடம்பு எண்ணெய் பூசினது போல இருந்தது. எங்களைப் பார்த்தார், சிரிக்கவில்லை. தூக்கும்போது அவர் யாரையும் பார்த்துச் சிரிக்கமாட்டார்.

அப்போது முன்னால் போன பெரியவர் உள்ளங்கையால் தண்டில் இரண்டு தட்டுத் தட்டினார். பட் பட் என்று. அவ்வளவுதான். தூக்குகிற அத்தனை பேரும் ஒரே மூச்சில் வலது தோளை இறக்கி, தலையைத் தாழ்த்தித் தண்டுக்கு அந்தப் பக்கம் போய், இடது தோளில் ஏற்றிக்கொண்டார்கள். மேலே பிடித்திருந்த குடை ஒரு நூல்கூட ஆடவில்லை. சனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

என் பக்கத்தில் நின்ற நெசவுக்காரர் கையில் புளியோதரைத் தொன்னை. அதை அப்படியே என் வேட்டியில் கவிழ்த்துவிட்டார்.

"தலைவரே! அது நானு!"

"இன்னாயா நீ? வேட்டிய பாரு!"

"நான்தான் தலைவரே தட்டறேன்! பந்து உள்ள விடச் சொல்றதுக்கு. மாஸ்டர்தான் சொல்லிக் குடுத்தாரு, நம்ப ரெடியா இருந்தா கையால தட்டிக் காட்டுன்னு. என் இடது கை அவரு முதுகு மேலதான் இருக்குது. ரெண்டு தட்டு தட்டறேன். அவரு தோளு மாத்தறாரு!"

மாஸ்டர் வாயில் இருந்த மோரை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றார். பெங்களூர் போனவன் வாயால் சொல்லுகிறவன், அவன் தட்டினதே இல்லை என்று அப்போதுதான் எல்லோருக்கும் நினைவு வந்தது. எங்கள் பந்தாக இருந்தால் மட்டும் விழுந்ததன் காரணமும் அங்கேயே நின்றபடி புரிந்தது. கூரத்து மாணவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டான்.

சாயந்திரம் பெருமாளை இறக்கி வைத்த பிறகு டிரைவரிடம் சொன்னோம். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. நெசவுக்காரர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"தட்டுனா மாத்தணும்பா. யோசிச்சிக்கினா இருப்பாங்க? ஒருத்தன் யோசிச்சான்னா மத்தவங்க கழுத்து போயிடும்."

"அப்போ நான் தட்டலண்ணா. இனிமே தட்டவே மாட்டேன்."

சொல்லிவிட்டார், ஆனால் முடியவில்லை. நாள் முழுக்கத் தறியில் கை ஓடிக்கொண்டே இருக்கிற மனிதர். பயிற்சியில் கால் தயாரானதும் கை தானாகத் தட்டிவிடும். டிரைவர் தோள் இறங்கிவிடும். மறுபடியும் எல்லோரும் மண்ணில். "உன் கைய வெட்டிப் போட்டுடுவேன்" என்று மாஸ்டரே கத்தினார். "வெட்டுனா பொடவைய யாரு நெய்வா, நீங்க வந்து நெய்வீங்களா?" என்று இவர் திருப்பிக் கத்தினார். கடைசியில் இடது கையால் டிரைவரின் சட்டையை முறுக்கிப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். கை முஷ்டியாகிவிட்டால் தட்ட முடியாது. சட்டை கிழிந்தது. நான் கித்தானைத் தைக்கிற தையல்காரரைக் கூப்பிட்டு அந்த இடத்தில் இரட்டைத் துணி வைத்துத் தைக்கச் சொன்னேன். பந்தல் துணியில் தைத்த ரக்பி சட்டை இந்தியாவிலேயே எங்களிடம்தான் இருக்கும்.

தட்டுவது போய்விட்டது. பந்தை எப்போது உருட்டுவது என்று யார் சொல்வது? நெசவுக்காரர் குரல் சின்னது, எட்டுப் பேர் மூச்சில் கேட்காது. டிரைவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"நான் சொல்லட்டுமா? பாரம் எல்லார் மேலயும் சமமா உக்காந்துச்சின்னா எனக்குத் தெரியும். அப்போ ஒரு குரல் குடுக்கறேன்."

கோயிலில் குரல் கொடுக்கிறவர் முன்னால் போகிற பெரியவர். டிரைவர் அங்கே கேட்கிற ஆள்தான், கொடுக்கிற ஆள் இல்லை. முதல் இரண்டு நாள் குரல் தொண்டையிலேயே நின்றது. அப்புறம் வந்தது. "ஹோ" என்று ஒரு சத்தம், அடிவயிற்றிலிருந்து.

ஆட்டத்தன்று சென்னை அணி வந்திறங்கியது. அதே ரெஃப்ரி. போட்டி நடத்துகிறவர் நேராக என்னிடம் வந்து, "நீங்க சொன்னது ஞாபகம் இருக்கா?" என்றார். "உங்களைவிட நல்லா இருக்குது" என்றேன். கழுத்தில் அடிபட்ட இளைஞன் தேறி வந்திருந்தான், அதே இடத்தில் டிரைவருக்கு எதிராகவே நின்றான்.

முதல் பாதியில் மூன்று ஸ்கிரம், மூன்றும் அவர்கள் பந்து, எதுவும் விழவில்லை. அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, அவர்கள் பந்தில் என்றைக்கும் விழுந்ததில்லை. இரண்டாம் பாதியில் அவர்கள் எங்களை எங்கள் கோல் கோடு வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். அங்கே பந்து அவர்கள் கை தவறிக் கீழே போனது. எங்கள் பந்து. எங்கள் கோட்டுக்கு ஐந்து மீட்டரில் ஸ்கிரம். நான் லாரி ஏணியில் ஏறி நின்றுகொண்டிருந்தேன். டிரைவர் தோளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குனிந்தார்கள். பிடித்தார்கள். முட்டினார்கள். சென்னைக்காரர்கள் முழு பலத்தையும் போட்டார்கள். எங்கள் வரிசை ஒரு சாண் பின்னால் போனது. நெசவுக்காரர் முஷ்டி டிரைவர் முதுகில் சட்டையை முறுக்கிக்கொண்டு வெளுத்துப் போயிருந்தது. உருட்டுகிற மாணவன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். டிரைவர் குரல் கொடுக்கவில்லை. இன்னும் கொடுக்கவில்லை. பாரம் உட்காரவில்லை போலிருக்கிறது. ரெஃப்ரி உருட்டச் சொல்லி வாயைத் திறந்தார்.

"ஹோ!"

பந்து உள்ளே போனது. தோள் இறங்கவில்லை. எட்டுப் பேரும் ஒரே அடி எடுத்து வைத்தார்கள், அப்புறம் இன்னொன்று. சென்னை அணியின் வரிசை மெதுவாகப் பின்னால் நகர்ந்தது, கதவு திறக்கிற மாதிரி. தாங்க முடியாமல் அவர்கள் பக்கம்தான் முட்டி போட்டுச் சரிந்தது. விசில். ரெஃப்ரியின் கை எங்கள் பக்கம் நீண்டது. பெனால்டி எங்களுக்கு.

அதற்கப்புறம் என்ன ஆனது என்று பலர் என்னிடம் கேட்பார்கள். நாங்கள் தோற்றோம். கடைசி நேரத்தில் அவர்கள் பந்தை எங்கள் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஊன்றி ஒரு டிரை போட்டார்கள். நல்ல டிரை, நான்கூடக் கை தட்டினேன். அதைப் பற்றி எங்கள் ஆட்கள் யாரும் கவலைப்படவில்லை. டிரைவர் இறுதி விசில் வரைக்கும் மைதானத்தில் இருந்தார். என்னை உள்ளே வந்து அவரைக் கூட்டிப்போக யாரும் கூப்பிடவில்லை.

முடிந்ததும் அந்தச் சென்னை இளைஞன் கையை நீட்டிக்கொண்டு வந்தான். டிரைவர் கையைப் பிடிக்கவில்லை, அவன் பின்கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"இன்னும் வலிக்குதாபா?"

"இல்லண்ணா. அன்னைக்கு நீங்க வேணும்னு பண்ணீங்கன்னு நெனைச்சேன். சாரிண்ணா. இன்னைக்கு உங்க முன்னால நின்ன எனக்குத் தெரியும், இப்படித் தாங்கறவரு அப்படிப் பண்ண மாட்டாரு."

பக்கத்தில் நின்ற ரெஃப்ரி தலையை ஆட்டினார். போட்டி நடத்துகிறவர் சாப்பாடு எங்கே என்று கேட்டுக்கொண்டு பந்தல் பக்கம் போனார். வந்த அணிக்குச் சாப்பாடு போடுவது எங்கள் வழக்கம். அவருக்கு நானே இரண்டு வடை கூடுதலாக வைத்தேன்.

டிரைவர் சட்டையைக் கழற்றிப் பிழிந்துகொண்டே என்னிடம் வந்தார். முகத்தில் மண், ஒரு புருவத்தின் மேல் கீறல். சொல்ல நிறைய இருக்கும் என்று நினைத்தேன்.

"மொதலாளி, அடுத்த ஞாயித்துக்கிழமை எனக்கு லோடு எதுவும் போடாதீங்க. ஆட்டம் இருக்குது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரிய முகூர்த்தம். ஊரில் பாதிக் கல்யாணம் அன்றைக்குத்தான். லாரியை நானே ஓட்டினேன்.